யாருக்கும் கொடுக்காத நம்பர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் யாரும் உதட்டைத்தான் பிதுக்குவார்கள். "ஸ்டிக்கர்" என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் விட்டுவிடுவார்கள். வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவர். ஒரு மெஷினைத் தொட்டுவிட்டால், அதன் நெற்றியில் தன் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டாமல் எழுந்திருக்க மாட்டார். மெஷினோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. லிஃப்ட் கதவு, தண்ணீர்த் தொட்டி, மின்சாரப் பெட்டி என்று எல்லாவற்றிலும் ஒட்டினார். ஒரு வீட்டில் பிரிட்ஜிலும் ஒட்டிவிட்டு வந்தார். பிரிட்ஜுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"நம்பர் நாலு பேர் கண்ணுல பட்டாத்தான் பொழப்பு ஓடும்" என்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. கடை என்பது ஷட்டர் போட்ட ஒரே அறை. வயிறு திறந்த இரண்டு மெஷின்கள் எப்போதும் மல்லாந்து கிடக்கும். தேடி வருகிறவர்கள் குறைவு, போனில் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். பெரிய பெரிய ஆபீஸர்களையெல்லாம் "கிளட்சை விடுங்க, அது என்ன உங்க சொத்தா?" என்று அதட்டி ஓட்ட வைத்த அம்மாள். கண்ணில் வந்த கிருமித் தொற்று இரண்டு கருவிழியிலும் தழும்பு விட்டுப் போனபோது, முதலில் ஸ்டியரிங் போனது, அப்புறம் பேப்பர் படிப்பது போனது, கடைசியில் எதிரில் நிற்பது யார் என்பதே குரலை வைத்துத்தான் என்றாகிவிட்டது. ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார். அப்போதும் புருஷனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கு சத்தம் சரியில்லையே, எங்க பாத்து ஓட்டுறீங்க?" என்று அதட்டுவதை விடவில்லை.

கருவிழியை மாற்றினால் பார்வை வரும் என்றார்கள். கண் வங்கியில் பெயரைப் பதிந்தார்கள். அங்கே போன் பேசுகிற வேலையில் இருந்த பெண் தெளிவாகச் சொன்னாள்: "யாராவது இறந்து, அவங்க வீட்டுல கண்ணைக் கொடுத்தாத்தான் நமக்குக் கிடைக்கும். கிடைச்ச உடனே கூப்பிடுவோம். எந்த லைன்ல இருந்து வரும்னு சொல்ல முடியாது. நீங்க வரலைன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும். கண்ணு நமக்காகக் காத்திருக்காது." தொடர்புக்கு இரண்டு நம்பர் கேட்டாள். ஸ்டிக்கர் இரண்டு இடத்திலும் தன் நம்பரையே கொடுத்தார். அதைவிடப் பிரபலமான நம்பர் வேறு எது இருக்கிறது?

இந்தச் சமயத்தில்தான் அவருக்கு இணையத்தில் ஒரு மன்றம் அகப்பட்டது. பல ஊர் மெக்கானிக்குகள் கூடி, எந்த மெஷின் ஏன் அடம்பிடிக்கிறது என்று பேசிக்கொள்ளும் இடம். புதுசாக வந்த ஒரு மாடல் சோப்புத் தண்ணீரை வெளியே விடாமல் அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. மன்றத்தில் கேள்வி கேட்டார். கேள்வி இரண்டு வரி. அதற்குக் கீழே தன் பெயர், போன் நம்பர், மெயில், கடை முகவரி, பக்கத்தில் எந்த மருந்துக்கடை என்பதுவரை எழுதிவிட்டு, "மனைவிக்குக் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி அழைப்பை எதிர்பார்த்திருப்பதால், நான் எந்நேரமும் போனை எடுப்பேன்" என்றும் சேர்த்தார்.

பதில் உடனே வந்தது. மெஷினைப் பற்றி இல்லை. மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருவர், "மூன்றாம் மாடி" என்ற பெயரில் எழுதுகிறவர், நம்பரையும் சொந்த விஷயத்தையும் அழித்துவிட்டுத் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். "இங்க யார் வேணும்னாலும் வந்து படிக்கலாம். நம்பரை அள்ளிட்டுப் போறதுக்குன்னே சில பேர் சுத்துறாங்க. பேரைக்கூட மாத்தி வெச்சுக்குங்க. உதவிக்கு நம்பர் தேவையில்லை."

ஸ்டிக்கருக்கு ரத்தம் கொதித்தது. "தொழில் போட்டி. என் நம்பர் நாலு பேருக்குத் தெரிஞ்சா இவனுக்கு வயிறு எரியுது" என்றார் டீச்சரிடம். அதோடு விட்டாரா? மன்றத்தில் அவரவர் கணக்கில் கையொப்பம் என்று ஒரு கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் எதை எழுதினாலும் நாம் எழுதிய, எழுதப்போகிற எல்லாப் பதிவுக்கும் அடியில் அது தானாக வந்து நிற்கும். ஸ்டிக்கருக்குத் தலைகால் புரியவில்லை. இணையத்திலேயே ஸ்டிக்கர் ஒட்ட ஒரு வசதி. அழித்ததையெல்லாம் அப்படியே அதில் போட்டார், கண் ஆபரேஷன் சமாச்சாரம் உட்பட. அன்றைக்கே உற்சாகத்தில் கண்டவர் கேள்விக்கெல்லாம் போய்ப் பதில் எழுதினார். பதில் பெற்றவர்கள் அவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டு நன்றி சொன்னார்கள். நம்பரும் கூடவே போனது.

அப்புறம் போன் ஓயவில்லை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கண்ணுக்கு மூலிகைச் சொட்டு அனுப்பட்டுமா என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். மெயில் பெட்டி நிரம்பி வழிந்தது. தெரியாத நம்பரை எடுக்காமல் இருக்கலாம் என்றால், ஆஸ்பத்திரி நம்பரும் தெரியாத நம்பர்தானே? கை முழுக்கக் கிரீஸோடு ஒவ்வொன்றையும் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடக்கும், ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவன் அவருக்கு மனை விற்பான்.

ஒருநாள் மிகவும் மரியாதையான குரல் ஒன்று வந்தது. "கண் வங்கியில இருந்து பேசுறோம் சார். உங்க மனைவிக்குக் கண் ரெடியா இருக்கு. பதிவு பண்ண போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க." ஸ்டிக்கருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்த எண்ணை வாசிக்க ஆரம்பித்தவரைப் பக்கத்தில் இருந்த டீச்சர்தான் தடுத்தார். "கண்ணை வைக்கிறதுக்கு எதுக்குங்க ஓடிபி? போனை வைங்க." வைத்துவிட்டார். பிழைத்தார்கள்.

அதிலிருந்து அவர் உஷாராகிவிட்டார். உஷார் என்றால் அளவுக்கு மீறிய உஷார். மறுவாரம் ஒரு பெண் குரல், "கண் வங்கியில இருந்து பேசுறோம்" என்று ஆரம்பித்த உடனே பிடித்துக்கொண்டார். "உன் பித்தலாட்டத்தை வேற எவன்கிட்டயாவது வெச்சுக்க. வை போனை." திரும்பவும் அடித்தது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டு, அந்த நம்பரையே முடக்கினார். ஒரு திருடியை விரட்டிய திருப்தியோடு டீயை ஊற்றிக் குடித்தார்.

வழக்கமான பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போனபோதுதான் விஷயம் தெரிந்தது. போன் பேசுகிற அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "கண்ணு வந்துச்சு சார். உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டோம். நீங்க என்னைத் திட்டினதை நான் வீட்டுல போய்ச் சொல்லக்கூட இல்ல. அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டோம்."

ஸ்டிக்கர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் போல இருந்தது. டீச்சர் தடவித் தடவி அவர் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார்.

"கிடைச்சவங்களுக்குத் தெரியுதாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் டீச்சர்.

"நல்லாத் தெரியுதும்மா."

"அப்போ வீணாப் போகலை. எங்க பேரை எடுத்துட மாட்டீங்களே?"

"அதெல்லாம் இல்லம்மா. வரிசையில அப்படியேதான் இருக்கீங்க."

வீட்டுக்கு வரும் வழியில் டீச்சர் பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டிக்கருக்கு அதுதான் வலித்தது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று கடைக்குப் போய் உட்கார்ந்து, தொழில் போட்டிக்காரன் என்று தான் வைதிருந்த அதே மூன்றாம் மாடிக்கு எழுதினார். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினார். கடைசியில், "நீங்க சொன்னதைக் கேக்காம போயிட்டேன் சார். இப்ப நான் என்ன செய்யணும்?" என்று முடித்தார்.

நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரவில்லை. "கொஞ்சம் பொறுங்க, முதல்ல சுத்தம் பண்றேன்" என்று மட்டும் வந்தது. அப்புறம் ஸ்டிக்கர் மன்றத்தைத் திறந்து பார்த்தால், அவருடைய கையொப்பம் மாயமாகியிருந்தது. அது மட்டுமில்லை. மற்றவர்கள் எடுத்துப் போட்டிருந்த பதிவுகள், நன்றி சொன்ன வரிகள் என்று ஒவ்வொன்றாகத் தேடிப்போய், எங்கெல்லாம் நம்பர் இருந்ததோ அங்கெல்லாம் துடைத்திருந்தார் மூன்றாம் மாடி. யாரோ முகம் தெரியாத ஆள், தன் வேலையையெல்லாம் விட்டுவிட்டு, இவர் ஒட்டிய ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு மாடி எழுதினார்: "அள்ளிட்டுப் போனவங்ககிட்ட இருந்து திருப்பி வாங்க முடியாது. அதனால பழைய நம்பர் தொழிலுக்கே இருக்கட்டும். புதுசா ஒரு சிம் வாங்குங்க. அந்த நம்பரை ஆஸ்பத்திரிக்கு மட்டும் நேர்ல போய்க் கொடுங்க. வேற ஒருத்தருக்கும் வேணாம், சொந்தக்காரங்களுக்குக்கூட. அப்போ அது அடிச்சா ஒரே ஒரு அர்த்தம்தான். மன்றத்துக்குத் தனியா ஒரு மெயில் வெச்சுக்குங்க. வீட்டு விஷயத்தை இங்க எழுத வேணாம். எனக்கும் ஒரு காலத்துல பட்டுத்தான் புத்தி வந்துச்சு."

"ரொம்ப நன்றி சார்" என்று ஸ்டிக்கர் எழுதினார்.

"சார்னு யார் சொன்னது?"

"மன்னிக்கணும் மேடம்."

"அதையும் நான் சொல்லலையே."

ஸ்டிக்கர் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். எத்தனையோ நாளுக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

புது நம்பரோடு போய்க் கண் வங்கிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் முதலில் முறுக்கிக்கொண்டாள், பிறகு, "இந்த நம்பர்ல திட்ட மாட்டீங்கல்ல?" என்று கேட்டபடி குறித்துக்கொண்டாள். அந்தப் புது போன் அவர் சட்டைப் பையில் ஊமையாகக் கிடந்தது. நம்பரை நாலு பேருக்குக் கொடுத்தே பழகிய மனுஷனுக்கு ஒன்றை மறைத்து வைப்பது என்பது தும்மலை அடக்குகிற மாதிரி இருந்தது. "எப்பக் கூப்பிட்டாலும் பிஸின்னே வருதே, வேற நம்பர் இல்லையா?" என்று நல்ல வாடிக்கையாளர் ஒருவர் கேட்டபோது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, பொய் சொன்னதற்காக அவருடைய மெஷினின் வடிகட்டியையும் சும்மாவே சுத்தம் செய்து கொடுத்தார். புது போனைப் பார்த்துவிட்டு நம்பர் கேட்ட மச்சினிக்கும் கொடுக்கவில்லை, அவள் கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்.

ஒரு வீட்டுக் குளியலறையில் மெஷினுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அது அடித்தது. அதன் மணிச்சத்தம் எப்படி இருக்கும் என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஈரக்கையோடு எடுத்தார்.

"சார், கண் வங்கி. தெரியுதா?"

"தெரியுதும்மா. சொல்லும்மா. தாயே, சொல்லு."

"உடனே கூட்டிட்டு வாங்க. வழியில ஒண்ணும் சாப்பிடக் கொடுக்க வேணாம்."

வீட்டுக்காரர்களிடம் காரணத்தைச் சொல்லி, தண்ணீரை மட்டும் அடைத்துவிட்டு ஓடினார். ஸ்கூட்டரில் டீச்சர் பின்னால் உட்கார்ந்து, "மெதுவா போங்க, கண்ணு வரும்போது நான் உயிரோட இருக்கணும்" என்றார். அவருடைய தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணுக்குத்தான். பார்வை ஒரே நாளில் வந்துவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கட்டில் கம்பி, பிறகு ஜன்னல், பிறகு காலண்டரில் இருக்கிற பெரிய எழுத்து. ஸ்டிக்கர் மாடிக்கு எழுதினார்: "நீங்க எந்த ஊரு, என்ன வேலைன்னு கேக்க மாட்டேன். எங்க வீட்டுல தினமும் உங்களை நினைக்கிறோம். அது மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்." மாடியிடமிருந்து, "தெரிஞ்சுக்கிட்டேன். ரொம்ப சந்தோஷம்" என்று பதில் வந்தது.

இன்னொரு நன்றி பாக்கி இருந்தது. கண் கொடுத்தவர் யார் என்று கண் வங்கிப் பெண்ணிடம் கேட்டார்கள்.

"சொல்லக்கூடாது சார். உங்களைப் பத்தி அவங்களுக்கும் சொல்லல."

முன்பு என்றால் ஸ்டிக்கர் வாக்குவாதத்துக்கு நின்றிருப்பார். இப்போது தலையாட்டினார். "அதுதாம்மா சரி. துக்கத்துல இருக்கிற வீடு. நாங்க போய்க் கதவைத் தட்டக்கூடாது."

"எழுதிக் கொடுத்தா நாங்க சேத்துடுவோம். ஊரு பேரு எதுவும் இல்லாம."

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் காகிதமும் பேனாவும் கேட்டார். தானே எழுதுவதாகச் சொல்லிவிட்டார். ஸ்டிக்கர் எதிரில் உட்கார்ந்தார்.

"ஐயான்னு போடவா, அம்மான்னு போடவா?" என்று டீச்சர் கேட்டார். "போனது ஆணா பொண்ணா, பெரியவங்களா சின்னவங்களான்னே தெரியலையே."

ஸ்டிக்கருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் யோசித்தார்கள்.

"எங்க சொந்தங்களுக்குன்னு போடு" என்றார் அவர். "இனிமே அப்படித்தானே."

டீச்சர் அப்படியே போட்டார். பிறகு குனிந்து, கோணல்மாணலாக, ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினார். முடித்ததும் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்குக் காலையில என் வீட்டுக்காரர் முகத்தைப் பாத்தேன். ரொம்ப வயசாகிப்போச்சு, சவரமும் பண்ணல. இருந்தாலும் கண்ணை எடுக்க மனசு வரலை. நான் பாத்தப்போ உங்க வீட்டு ஆளும் கூடவே பாத்தாங்க."