அம்மாவின் குழம்புச் சட்டி

பசுந்தாங்கில் நாங்கள் குடியிருந்த நாலாம் மாடிக்கு ஒரு நாள் சயாமா மூச்சிரைக்க ஏறி வந்தார். ரங்கூனில் நர்ஸம்மாவை அப்படித்தான் அழைப்போம். அம்மாவுக்கு அடிக்கடி தலை சுற்றியது. கிளினிக்கில் ரத்தம் குறைவு என்றார்கள். அம்மா என்னதான் சாப்பிடுகிறாள் என்று பார்க்கவே சயாமா வந்திருந்தார். அம்மாவின் பர்மியப் பேச்சு மீன் கடையோடு நின்றுவிடும். ஆகவே, எட்டு வயதிலேயே எனக்கு மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் கிடைத்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சயாமா சாப்பாட்டுப் படங்களைப் பரப்பினார். பர்மியரின் மீன் நூடுல்ஸான மொஹிங்கா இருந்தது, நப்பி என்ற மீன் விழுது இருந்தது, எங்கள் புளிக்குழம்பு மட்டும் இல்லை. அவர் படங்களை மூடிவிட்டு, நேற்று மத்தியானம் சாப்பிட்டதை அப்படியே தட்டில் போட்டுக் காட்டச் சொன்னார்.

அம்மா விருந்தாளிக்கென்று வைத்திருந்த பூப்போட்ட தட்டை எடுத்தாள். சோற்றைக் குவித்தாள். மேலே மீன், ஓரத்தில் பொரியல், போதாததற்கு அப்பளம். வந்தவர் முன்னால் குடும்ப மானம் போகக்கூடாது அல்லவா? இவ்வளவு சாப்பிட்டுமா ரத்தமில்லை என்று சயாமா குழம்பிப்போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா தட்டில் சாப்பிடுவதே இல்லை, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் புரட்டித் தின்கிறாள், கெஞ்சினாலும் எனக்கு ஒரு வாய்க்கு மேல் தருவதில்லை என்று பர்மியத்தில் போட்டுக்கொடுத்தேன். அடியில் ஒட்டிய மசாலாதான் குழம்பிலேயே ருசி. அதை அவள் ஒருத்தியே அமுக்கிக்கொள்கிறாள் என்பது என் வெகுநாள் வழக்கு. சாட்சிக்குச் சட்டியையும் தூக்கி வந்தேன்.

"ஏண்டி இப்படி மானத்த வாங்குற?" என்றாள் அம்மா.

சயாமா சட்டியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். சோறு எவ்வளவு போடுவாய் என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தபடி ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினாள்.

சயாமா ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். வீட்டில் யாரும் உட்காருமுன் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை விழுங்க வேண்டும் என்றார்.

"அவுங்க சாப்பிடாம நான் எப்படி முந்தி உக்கார்றது? கேட்டுச் சொல்லுடி."

மருந்தின் சட்டம் அது என்று பதில் வந்தது. மருந்தோடு வாதாட அம்மாவுக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து சட்டி எனக்கு. வழக்கில் வென்ற பெருமையோடு சோற்றைப் போட்டுப் புரட்டினேன். மூன்றாவது வாயில் சட்டி காலி. பசி அடங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, "அம்மா, இன்னும் சோறு" என்று போய் நின்றேன். அம்மா சிரித்துக்கொண்டே மீன் துண்டோடு போட்டாள். இத்தனை நாள் இதே பசியோடு அவள் யாரிடம் போய்க் கேட்டிருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.