குடை இறங்கிய மண்

மண்ணைக் கையில் பிடித்துப் பார்க்காமல் மார்லா மைண்ட்ஸ் விதை போட்டாள் என்று எங்கள் மாவட்டத்தில் எவனும் சொல்ல முடியாது. அவளுடைய பெருமை அதுதான், அவளுக்கு வந்த வினையும் அதுதான். நான் தானியக் கிடங்கில் லாரிக்கு எடை போடுகிறவள். காலையில் காபி குடிக்க வரும் விவசாயிகள் எல்லாரும் என் ஜன்னலுக்கு முன்னால் நின்றுதான் வம்பளப்பார்கள். அயோவாவில் ஏப்ரல் பிறந்துவிட்டால் அவர்களுக்கு ஒரே பேச்சு, யார் முதலில் விதைத்தது என்பதுதான்.

அந்த வருஷமும் டூயன் எக்காஃப்தான் முதல். நிலத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. ஆனாலும் அவன் விதைக்கும் வண்டி ஓடுகிற சத்தம் கேட்டதும் மற்றவர்களும் மந்தை மாதிரி இறங்கிவிட்டார்கள். டூயன் தன் கரிசலை மாவாக உழுது, நூல் பிடித்ததுபோல் மக்காச்சோளம் விதைத்திருந்தான். அவன் வயலை ஒட்டித்தான் மார்லா குத்தகைக்கு எடுத்திருந்த எண்பது ஏக்கர். குளிர்காலத்தில் மண்ணைக் காக்க மூடுபயிராக அவள் வளர்த்த புல், இப்போது காய்ந்து தாளாகப் பரவிக் கிடந்தது.

"என்ன மார்லா, இந்த வருஷம் வைக்கோல் மகசூலா?" என்றான் டூயன், காபியை ஊதிக்கொண்டே.

"உனக்குப் பானை வனையற யோசனையா? அந்த ஈரத்துல வேற என்ன பண்ண முடியும்?" என்றாள் மார்லா. எல்லாரும் சிரித்தார்கள். டூயனும்தான்.

மதியம் அவளோடு வயலுக்குப் போனேன். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, கட்டை விரலால் அழுத்தினாள். உருண்டை நசுங்கியதே தவிர உதிரவில்லை. "இன்னும் இல்லடி," என்றாள். எனக்குத்தான் பயம். காரணம் ஆர்லின் அம்மாள்.

நிலம் ஆர்லின் அம்மாளுடையது. புருஷன் போன பிறகு டவுனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் காரில் மெல்ல ஊர்ந்தபடி வயல்களுக்கு மார்க் போடுவது எங்கள் ஜனங்களுக்கு வழக்கம். அவளும் அப்படி வந்து, மார்லாவின் வயலோரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

"ஏம்மா, டூயன் நிலம் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. உன்னோடது சீவாத தலையாட்டம் கெடக்கு. இதையும் தனக்கே குடுங்கன்னு கேக்கறான் அவன். முளைக்கிறதைப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

"இறங்கி வந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கம்மா."

"சர்ச்சுக்குப் போட்ட ஷூ இது." கண்ணாடி ஏறிவிட்டது.

மார்லா கைக்கு வந்தபோது அந்த நிலத்தில் ஒரு மண்புழு கிடையாது. வருஷக்கணக்காகப் பாடுபட்டு அதற்கு உயிர் கொடுத்தவள் அவள். அது போனால் அவள் ஒடிந்துபோவாள் என்று எனக்குத் தெரியும். அவளோ சிரித்தாள். "மழை வரட்டும்டி. அது பேசும்."

மே மாதம் மண் உருண்டை உதிர்ந்தது. மார்லா விதைத்தாள். நாலு நாளில் மழை வந்தது, அறைகிற மழை. அதன் பின்னாலேயே அனல் காற்று. குளிரில் முளைக்காமல் கிடந்த டூயனுடைய விதை அப்போதுதான் கண் திறந்திருந்தது. மேலே மண் பொறுக்குத் தட்டி, ரொட்டி ஓடு மாதிரி இறுகிவிட்டது. முளை அடியிலேயே சுருண்டது. மார்லாவின் வயலில் மழையின் அடியைத் தாள் வாங்கிக்கொண்டது, தண்ணீரை மண் குடித்துவிட்டது. ஊசி ஊசியாகப் பயிர் எழும்பியது.

பொறுக்கை உடைக்கும் பல்சக்கரக் கருவியைப் பாதிப் பேர் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். டூயனும் போட்டவன்தான். மார்லாவின் கொட்டகையில் அவள் அப்பாவுடையது இருந்தது. டூயன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கேட்டு வந்து நின்றான்.

"குடுக்காதடி," என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். "அவன் பயிர் போனா நிலம் உனக்குத்தான்."

"போனா எனக்கென்னடி லாபம்? அந்தம்மா அப்பவும் ஜன்னல் வழியாத்தான் பாப்பாங்க. இன்னிக்கு அவன், நாளைக்கு நான்." டூயன் பக்கம் திரும்பினாள். "எடுத்துட்டுப் போ. ஆனா வாடகை உண்டு. ஞாயித்துக்கிழமை நீயே கார்க் கதவைத் திறந்து அந்தம்மாவை இறக்கணும். ரெண்டு வயல்லயும் நடக்க வைக்கணும்."

அவன் முகம் செத்துப்போனது. "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு என் நெத்தியில எழுதி ஒட்டிடேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே கருவியை டிராக்டரில் மாட்டினான்.

சொன்னபடி கதவைத் திறந்தான். ஆர்லின் அம்மாளுக்குக் குடைதான் ஊன்றுகோல். டூயன் வயலின் வரிசைகளுக்கு நடுவில் ஊன்றினாள். உடைத்துவிட்ட பொறுக்குக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கி 'டக்'கென்று நின்றது. மார்லாவின் வயலில் ஊன்றினாள். குடை பாதிவரை இறங்கிவிட, தடுமாறியவளை டூயன் பிடித்துக்கொண்டான்.

"உன்னோடதுல ஏன்டா இறங்கல?"

டூயன் மார்லா பக்கம் கை காட்டினான். "ஈரத்துல வண்டியை ஏத்தி நான் மிதிச்சுட்டேன்மா. இவ மிதிக்கல."

அவனை எனக்குப் பிடித்துப்போன நாள் அதுதான்.

ஆர்லின் அம்மாள் இன்னும் நாலு இடத்தில் குத்திப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் காலத்துலகூட இது இப்படி இருந்ததில்ல. இதையா நான் பிடுங்கிக் குடுக்க இருந்தேன்? நீயே வெச்சுக்கோ, மார்லா. உன்னால முடியற வரைக்கும்."

அதுவரை கண் கலங்காத மார்லா திரும்பி நின்று மண் கையாலேயே முகத்தைத் துடைத்தாள். ஆர்லின் அம்மாள் சேற்றோடு குடையைக் கார் சீட்டில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கார் வயலோரம் நின்றது. காருக்குள் யாரும் இல்லை. வயலுக்குள் குடை குத்திய குழிகள் வரிசையாகப் போயிருந்தன.