சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓர் அறை

திண்டிவனத்தில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்தபோது நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. புது வீட்டில் எனக்கென்று ஓர் அறை, அதிலேயே பாத்ரூம் என்று மகன்கள் இரண்டு பேரும் சொல்லியிருந்தார்கள். பெரியவன் அமெரிக்காவில் இருக்கிறான், சின்னவன் ஜெர்மனியில். வீடு முடிகிற வரைக்கும் விழுப்புரத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கலாம் என்று துணிமணியோடு போனேன்.

அஸ்திவாரம் போடுகிற கடக்கால் பூசைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மேஸ்திரி நூல் பிடித்து, சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டு வைத்திருந்தார். பெரியவனுக்கு மாடி, சின்னவனுக்குக் கீழே. வாசல் பக்கம் கார் நிறுத்த இடம், அதை ஒட்டி என் அறை. கோடாகப் பார்த்தால் எல்லாம் சின்னதாகத்தான் தெரியும், சுவர் எழும்பினால் சரியாகிவிடும் என்றார் மேஸ்திரி. எனக்குச் சின்னதாகவே தெரியவில்லை. கட்டில் இங்கே, சாமி படம் அங்கே என்று கோட்டுக்குள் நின்றபடி மனதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவன் கார் இடத்தைக் காலால் அளந்தான்.

"இன்னா மேஸ்திரி, இதுல என் வண்டி மூக்குதான் நொழையும். எங்க ஊர்ல கார் நிறுத்துற எடமே இந்த வீட்ல பாதி இருக்கும்."

"ஒரு ஆளு பால் வாங்கப் போறதுக்கு லாரி மாதிரி வண்டி எடுத்துக்கினு போறவங்க நீங்க," என்று சின்னவன் சிரித்தான். "எங்க ஊரு காரு இதுல ரெண்டு நிக்கும். என் கிச்சன்ல ரெண்டு பேரு சேந்து திரும்ப முடியாது. நான் பொழைக்கலயா?"

"தீப்பெட்டில குடித்தனம் பண்றவன் பேசுறான் பாரு!"

"ரெண்டு பேரு காரும் கப்பல்ல வரப்போவுதா சார்?" என்றார் மேஸ்திரி.

"வாடகைக்கு வர்றவன் பெரிய வண்டி வச்சிருப்பான்ல?" என்றான் பெரியவன். வாடகைப் பேச்சை அப்போதுதான் முதலில் கேட்டேன். "டேய், உன் ஹால்ல கொஞ்சம் குடு."

"ஹால்ல கை வைக்காதண்ணா. இந்த ரூமை எடுத்துக்கோ. அம்மாதான் சித்தி வீட்ல நல்லா செட்டாயிடுச்சே."

சொன்னது சின்னவன். "உன் ரூமுக்கு இன்னா கலரு அடிக்கலாம்மா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தவன்.

பெரியவன் தலையாட்டினான். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான். சின்னவன் ஷூவால் கோட்டைத் தேய்க்க வந்தான். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா," என்றான். தள்ளிக்கொண்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

"பெரியவங்க மொதக் கல்லு வைங்கம்மா," என்று மேஸ்திரி செங்கல்லை நீட்டினார். என் கை போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். சின்னவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"இன்னாம்மா, கோச்சிக்கினியா? நீ வந்தா ஹால்ல படுத்துக்கலாம்மா."

"நான் அங்க வர்றேன்னப்ப உன் வீடு சின்னது, எடமில்லன்ன. அவன் வீடு பெருசு, ஆனா காரு இல்லாம வாசலத் தாண்ட முடியாது, அடஞ்சி கெடப்பன்னான். ரெண்டையும் நம்புனேன். இங்கயுமாடா எனக்கு எடமில்ல?"

விழுப்புரம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். வீடு முடிகிற வரைக்கும்தான் என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன். இனி எத்தனை நாள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது?