கண்ணாடியை ஏற்றினால் காணாமல் போகும் கார்

வில்லாபுரத்தில் கார் சாவியைக் கொடுத்துவிட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி. வேலை போவது எனக்குப் புதிதில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன், கேரளாவில் ரப்பர் பால் எடுத்திருக்கிறேன். ஓரிடத்தில் கொஞ்சம் தங்கினாலே கால் அரிக்கும், நானாகக் கிளம்பிவிடுவேன். திருடன் என்று சொல்லி யாரும் அனுப்பியதில்லை. அன்றைக்குத்தான் அது நடந்தது.

முதலாளி வாடகைக் கார் விடுகிறவர். வண்டி எங்கே ஓடுகிறது என்று வீட்டிலிருந்தே தன் போனில் பார்ப்பார். அதற்காக ஸ்டியரிங் பக்கத்தில் இன்னொரு போனைப் பொருத்தியிருந்தார். வெயில் தாங்காமல், முன்பக்கம் உட்பட எல்லாக் கண்ணாடிக்கும் வெள்ளியாக மினுங்கும் ஃபிலிம் ஒட்டினார். போலீஸ் பிடிக்குமே என்றேன். "அதை நான் பாத்துக்கிறேன், நீ ஓட்டு" என்றார்.

அதற்குப் பிறகு ஆள் ஏறினால் அவர் போனில் வண்டி அசையாமல் நின்றது. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் ஒழுங்காக ஓடியது. ஒரு குடும்பத்தைக் கொட்டாம்பட்டியில் கொண்டுபோய் விட்டேன். போகும்போது வண்டி ஊரைத் தாண்டவே இல்லை என்று காட்டியிருக்கிறது.

"சவாரி ஏறுனதும் போனை அமத்திட்டு உன் இஷ்டத்துக்குச் சுத்துற. எம்புட்டு நாளா நடக்குது?" என்றார்.

சிம்மை மாற்றிப் பார்த்தேன், போனையே மாற்றிப் பார்த்தேன். வெளியே இருந்து யோசித்தால் எனக்கே நான் திருடனாகத்தான் தெரிந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

கோரிப்பாளையத்தில் டிரைவர்கள் கூடும் டீக்கடைக்குப் போனேன். லோடு வண்டிகள் வைத்திருக்கும் பாய் ஒருவர் அங்கே வருவார், அவரிடம் வேலை கேட்கலாம் என்று. ஆனால் எனக்கு முன்னால் முதலாளியின் குரல் அங்கே வந்திருந்தது. வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பியிருந்தார்: இவனுக்கு யாரும் வண்டி கொடுக்காதீர்கள்.

"வாங்க மாப்ள! மேப்புல இல்லாத ஆளு நேர்ல வந்துட்டாரு" என்றான் ஒரு டிரைவர்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. "டீ குடிங்க தம்பி. வண்டி விஷயம் அப்புறம் பாப்போம்" என்றார்.

அந்தக் குழுவில் இல்லாத வண்டிக்காரர் மதுரையில் இல்லை. எந்த பஸ்ஸில் ஏறலாம் என்று யோசித்தபடியே சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வெயில் இறங்கும்போது முதலாளியின் குரல் மறுபடி வந்தது. என்னைக் கேலி செய்த டிரைவரே ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, எல்லாருக்கும் சொல்றேன். அந்தப் பையன் மேல தப்பில்ல. இன்னைக்கு ஆள் இல்லாம நானே மாமனாரை ஏத்திக்கிட்டு மேலூர் போனேன்..."

பின்னால் அவர் சம்சாரத்தின் குரல்: "வண்டி தெருமுனையிலயே நிக்கிறதா என் போன்ல காட்டுச்சுல்ல? எந்த வீட்டு வாசல்ல நின்னீக, அதையும் சொல்லுங்க!"

டீக்கடை குலுங்கியது.

"சும்மா இரு புள்ள! அண்ணே, கண்ணாடிய எறக்குனா ஓடுது, ஏத்துனா நிக்குது. ஃபிலிம் ஒட்டுனவன்ட்ட கேட்டா, அதுல உலோகம் இருக்கு, சாட்டிலைட் சிக்னல் உள்ள வராதுங்கிறான். முன்னாடியே ஏன்டா சொல்லலன்னா, நீங்க வெயிலுக்குத்தானே கேட்டீகங்கிறான்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலி வண்டியில் ஏசி போடக்கூடாது என்பது முதலாளி வைத்த சட்டம். அதனால் காலியாக வரும்போது எல்லாக் கண்ணாடியையும் இறக்கியே ஓட்டுவேன். ஆள் ஏறினால் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவேன்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு பரோட்டா சொன்னேன்.

முதலாளி எனக்கும் போன் செய்தார். "மனசுல வச்சுக்காத. நாளைக்கு வந்துரு."

"வரலண்ணே. எல்லாருக்கும் சொன்னீங்கள்ல, அதுவே போதும்" என்றேன். எனக்குக் கோபம் இல்லை. திரும்பிப் போகிற பழக்கமும் இல்லை.

பாய் எழுந்து செருப்பை மாட்டினார். "காலையில வாங்க தம்பி" என்றார்.

மறுநாள் காலை மாட்டுத்தாவணியில் தக்காளி ஏற்றி நத்தத்தில் இறக்க வேண்டியிருந்தது. பாய் சின்ன லோடு வண்டியின் சாவியை என் கையில் வைத்துவிட்டு, நான் வண்டியை எடுப்பதைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.