ஈரக்குலை என்றொரு ஆங்கிலச் சொல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வாடிப்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கணவர் இறந்தபின் வாரிசு வேலையில் ஒரு பெண் அங்கே கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். சுற்றுக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோக வேண்டும். சைக்கிள் தெரியாது. சேலையோடு பழக ஆரம்பித்து, இரண்டாம் நாளே வாய்க்காலில் விழுந்தார். மறுநாளும் வண்டியை எடுத்தார். ஒரு மாதத்தில் எல்லா ஊருக்கும் தனியாகப் போய்வந்தார்.

எங்கள் அதிகாரி மாற்றலாகிப் போகும்போது எங்கள் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு நற்சான்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணுடையதில் ப்ளக்கி, ரெசிலியன்ட் என்று இரண்டு சொற்கள். ப்ளக் என்றால் பிடுங்குவது என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் தாளை என்னிடம் கொண்டுவந்தார்.

"அண்ணே, என்னையப் பிடுங்கின்னா எழுதிட்டுப் போயிருக்காரு? பாத்துச் சொல்லுங்க."

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் நூலகத்தில் ஒரு தடித்த அகராதியைப் புரட்டினேன். ஆட்டை அறுத்ததும் பிடுங்கியெடுக்கும் இதயம், ஈரல், நுரையீரல் எல்லாம் சேர்ந்தது ப்ளக். நம் ஈரக்குலைதான். கசாப்புக் கடையிலிருந்த சொல் பிறகு துணிச்சலுக்குப் பெயராகியிருக்கிறது. நாம் பயத்துக்கு இழுப்பதை ஆங்கிலேயர்கள் தைரியத்துக்கு இழுக்கிறார்கள்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சைக்கிள் எடுக்கயில தெனமும் எனக்கு ஈரக்கொலை நடுங்கும்ணே. அது அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

ரெசிலியன்ட் என்றால் விழுந்தாலும் மீண்டு எழுபவர், அதற்கு லத்தீனில் மூலம் துள்ளித் திரும்புவது என்றேன்.

"விழுந்தேன், எந்திரிச்சேன். துள்ளவெல்லாம் இல்ல. முட்டி பத்து நாள் வீங்கிக் கெடந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒங்களுக்கு என்னண்ணே எழுதிருக்காரு?" என்றார்.

எனக்கு ஸ்டெடி என்று எழுதியிருந்தார். அதையும் பார்த்து வைத்திருந்தேன். இடம் என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது.

"இருந்த எடத்துலயே இருக்கறவன்னு."

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டுத் தபால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சில வருடங்களில் பரீட்சை எழுதித் தேறி, அவரும் எழுத்தராகி மதுரையில் காளவாசல் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போனார். நான் வாடிப்பட்டியிலேயே ஓய்வு பெற்றேன்.