இங்கிலீஷில் கேட்டால் செய்துவிட வேண்டும்

போன வாரம் காலாப்பட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஏதோ உடற்பயிற்சிக் கூடத்தின் விளம்பரப் பலகை. ஆள் உயர இங்கிலீஷ் எழுத்தில் "வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" என்று போட்டிருந்தது. படித்த மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "ஸ்டாப்பிங் இன்னும் வரலம்மா, உக்காருங்க" என்றார் கண்டக்டர். அறுபது தாண்டியவள், மூட்டுவலிக்காரி, உடற்பயிற்சிக்கு எழுந்து நின்றாளாம். பக்கத்து சீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்? எனக்குப் பழக்கி வைத்தது அப்படி.

பழக்கியவர் எங்கள் ஆறாம் வகுப்பு மாசேர். கன்னியாஸ்திரீகளைப் புதுச்சேரியில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எழுபதுகளின் தொடக்கம் அது. மாசேர் யாரையும் அதட்ட மாட்டார், ஏவவும் மாட்டார். கேட்பார், அவ்வளவுதான். "வொய் டோன்ட் யூ குளோஸ் தி விண்டோ?" ஒரு மக்குப் பெண் எழுந்து, "காத்து வரட்டும்னுதான் மாசேர்" என்று பொறுப்பாகப் பதில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. அந்த மக்கு நான்தான். அதற்குப் பிறகு யாரும் பதில் சொன்னதில்லை, போய்ச் சாத்திவிடுவோம்.

அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், நானும் தனம் அக்காவும். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், அதே பள்ளிக்கூடம். இங்கிலீஷில் கேட்டால் பதில் பேசக் கூடாது, செய்துவிட வேண்டும். இதுதான் சட்டம். "வொய் டோன்ட் யூ ஈட் மை பாகற்காய்?" என்பேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றுவிடுவாள். அவள் கேட்டால் அவள் பங்குப் பாத்திரத்தையும் நான் தேய்க்க வேண்டும். எங்களுக்கு இது ரொம்ப வசதியாக இருந்தது. அக்காவைப் பார்த்து "செய்டீ" என்று சொல்ல முடியுமா? அம்மா வாயிலேயே போடுவாள். இங்கிலீஷில் கேட்டால் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சாக்கடை வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் நின்று, "ஆர் யூ அஃப்ரெய்ட்?" என்று கேட்டுத் தொலைத்தேன். புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தாண்டினாள். பாதிதான் தாண்டினாள். இடுப்புவரை சேறு, சீருடையெல்லாம் நாற்றம். அன்றைக்கு அம்மா அடித்த அடியில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தழும்பு. அக்கா மட்டும், "நீ கேட்டே, நான் தாண்டினேன், அவ்ளோதான்" என்றாள்.

சேற்று நாற்றம் என்றதும் இன்னொரு வாடை வருகிறது. ஐஸும் மீனும் மரத்தூளும் கலந்த வாடை. அது மாமாவின் சட்டை வாடை. கனகசெட்டிக்குளத்தில் மீன்காரர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார், அக்காவைக் கட்டியவர். நல்ல உழைப்பாளி என்று ஊரே சொன்னது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அக்கா ஒரு தகரப் பெட்டியோடு தனியாக வந்து இறங்கினாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. "காதுல தண்ணி பூந்துட்சி" என்றாள். நாங்களும் தலையாட்டினோம். நாலு நாள் வீட்டில் தண்ணீரைப் பற்றியே பேசினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் மாமா வந்தார், அழைத்துப் போக. அப்பா மில்லுக்கு லீவு போட்டிருந்தார். மாமா நாற்காலியில், அப்பா எதிரே பெஞ்சில். அம்மா காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். முறுக்கு அதற்கு முந்தின வாரம் சுட்டது. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்காகச் சுட்டது. அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. மாமா ஒவ்வொன்றாக எடுத்து நொறுக்கித் தின்றார்.

"அஞ்சு மணி பஸ்ஸ வுட்டா அப்பறம் லேட்டாய்டும்" என்றார் மாமா.

"தனம், கிளம்பும்மா" என்றார் அப்பா. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்கா பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். போகாதே என்று ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா? எவரும் சொல்ல மாட்டார்கள். சொன்னவர்தான் குடியைக் கெடுத்தவர் ஆவார், அந்தப் பழியை யார் சுமப்பது? அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். கோழைகள், எல்லோரும் கோழைகள் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் மட்டும் என்ன கிழித்தேன்? தமிழில் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. அதனால்தான் இங்கிலீஷைப் பிடித்தேன்.

"வொய் ஷுட் யூ கோ?"

அக்கா அசையவில்லை. நான் நின்றது அவளுடைய இடது பக்கம் என்பது அப்புறம்தான் உறைத்தது. சுற்றி வந்து, வலது பக்கம் நின்று, உரக்கக் கேட்டேன். "வொய் ஷுட் யூ கோ? ஹூ கேன் ஃபோர்ஸ் யூ?"

மாமா முறுக்கை வாயருகே நிறுத்தினார். "இன்னா மாமா, பாப்பா இங்கிலீஷ்லலாம் பேசுது?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவுக்கு அர்த்தம் புரிந்ததோ என்னவோ, முகம் வெளுத்துவிட்டது. "டைப்ரைட்டிங் கிளாஸ் போவுது இல்ல, அந்தப் பாடம்" என்றார்.

"நம்ம கடைக்குக் கணக்கு எழுத வரச் சொல்லுங்க" என்று சிரித்தார் மாமா. சிரித்தாலும் கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை.

நான் அக்காவையே பார்த்தேன். பெட்டியைக் கீழே வைப்பாள், பெஞ்சில் உட்காருவாள். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். நான் கேட்டு அவள் செய்யாதது உண்டா? பெட்டியின் பிடியைக் கை மாற்றினாள். பிறகு என் பக்கம் குனிந்தாள். எங்கள் சட்டத்தை மீறி முதல் தடவையாகக் கேள்விக்குப் பதில் சொன்னாள், அதுவும் தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நான் இங்க குந்திக்கினா, உன்ன யாருடி கட்டுவாங்க?"

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். மாமா சட்டையில் விழுந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டுப் பின்னாலேயே போனார். நான் மக்கு என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா? அவளுக்குப் பயம், தைரியம் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாஸ்பேட்டைக்காரர்கள் சரி என்று சொல்லி, நல்ல நாள் பார்த்து, நான் கழுத்தை நீட்டுவதற்குப் பதிமூன்று மாதம் ஆனது. கல்யாணத்தில் அக்காதான் முன்னின்று எல்லாம் செய்தாள். வந்தவர்களை "வாங்க, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். மாமாவுக்குப் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த மாதம், காலை முதல் பஸ்ஸில், அதே தகரப் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. சேதி தெரிந்து நான் லாஸ்பேட்டையிலிருந்து ஓடினேன். பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா..." என்றேன். "வூட்டுக்காரரு சாப்ட்டாரா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் கனகசெட்டிக்குளத்துக்குப் போகவே இல்லை. பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து தன் காலில் நின்றாள்.

மில்லை மூடிவிட்டார்கள். வேளைக்கு வேளை சங்கு ஊதி எங்களை எழுப்பியதும் போயிற்று. எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி. அப்பா இல்லை, அம்மா இல்லை, மாசேரை எந்தக் கல்லறையில் வைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. அக்காவும் நானும் உட்கார்ந்தால் இதையெல்லாம் பொழுது போவது தெரியாமல் பேசுவோம். எனக்காக அவள் அங்கே போய் இருந்த அந்தப் பதினாலு மாதத்தைப் பற்றி மட்டும் அவள் பேசியதில்லை. அதைக் கேட்க எனக்கு எந்த பாஷையிலும் வாய் வரவில்லை.