குச்சியில்லாத தேயிலை

நேற்று சின்னவள் ஹட்டனிலிருந்து தேயிலைப் பொட்டலம் வாங்கி வந்தாள் அல்லவா, பிள்ளைகளே, உங்கள் அம்மா அதை உடனே போத்தலில் கொட்டவில்லை. பழைய பேப்பரில் பரப்பி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்குள் போய் நின்றுவிட்டேன். ஸ்டோர் என்றால் உங்களுக்குக் கடை. எங்களுக்கு அது தேயிலைத் தொழிற்சாலை.

அங்கே எனக்குச் சல்லடை மெஷினில் வேலை. சத்தம் வந்தால் நிறுத்துவது, நின்றால் தட்டுவது, அவ்வளவுதான் என் ஞானம். பக்கத்துக் கூடத்தில் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து, தூளில் கிடக்கும் சிவந்த குச்சிகளைப் பொறுக்குவார்கள். கொழுந்து பறிக்கும்போது மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் போனபிறகு உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த வேலை அது. உட்கார்ந்து செய்கிற வேலை தோட்டத்தில் வேறு எங்கே இருக்கிறது?

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கென்று சுதன் என்ற யாழ்ப்பாணத்துப் பையன் கமராவும் கம்பியூட்டருமாக வந்து அந்தக் கூடத்தில் மேசை போட்டான். எது குச்சி, எது இலை என்று கம்பியூட்டருக்குப் பழக்க வேண்டுமாம். பெண்கள் வெள்ளைத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்துச் சொல்லச் சொல்ல, அவன் படம் பிடித்துப் பதிந்தான். மாதக்கணக்கில் நடந்தது.

"எத்தன வாட்டி சொன்னாலும் வெளங்க மாட்டேங்குதே தம்பி. எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு" என்பாள் அம்மா. கூடமே சிரிக்கும். சல்லடைச் சத்தத்தில் எனக்குக் காது கேட்காது என்று பாவனை செய்வேன்.

ஒருநாள் நம் லயத்து வீட்டுக்குச் சாப்பிட வந்தான். ரொட்டியும் சம்பலும். பெரியவனே, அப்போது நீ அவன் மடியில் இருந்தாய்.

"எங்க வேலைய ஒங்க கம்பியூட்டரு புடுங்கிக்கிராதுல்ல தம்பி?" என்றாள் அம்மா.

"இல்லை அக்கா. உங்கட கண்ணுக்கு உதவியாத்தான் வருது. மெஷின் வந்தா நீங்கள்தான் ஓட்டப்போறியள். நானே பழக்கிவிடுறன்."

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னவனை எப்படி நம்பாமல் இருப்பது?

அந்த ஆயுத பூசைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்த கையோடு, கமராக் கண்ணாடியிலும் அம்மா அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டாள். மறுநாள் எதைக் காட்டினாலும் கம்பியூட்டர் குச்சி, குச்சி என்றது. சுதன் வயரையெல்லாம் கழற்றி மாட்டிப் பார்த்து, கடைசியில்தான் கண்டுபிடித்தான்.

"அக்கா, கண்ணுக்குள்ளயே பொட்டு வச்சிட்டியளே!"

"அதுக்கு கண்ணு நல்லா தெரியணும்னுதான் தம்பி வச்சேன்."

வயிறு குலுங்கச் சிரித்தபடி கைக்குட்டையால் துடைத்தான்.

அடுத்த வருடம் பெரிய மெஷின் வந்தது. நம் பெண்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அதற்குள் இருந்தது. குச்சியைக் கண்டால் காற்றால் ஊதித் தள்ளியது. திறப்பு விழாவுக்குப் பெண்கள் நல்ல சேலை கட்டி வந்தார்கள். பேராசிரியர்களோடு சுதனும் கழுத்துப்பட்டி கட்டி நின்றான்.

"தம்பி, எங்களுக்கு எப்ப பழக்கப் போறீங்க?" என்றாள் அம்மா.

அவன் மேசை விரிப்பைப் பார்த்தான். "அது நிர்வாகம் பாக்கிற விசயம் அக்கா. என்ர வேலை படிப்போட முடிஞ்சுது." பலகாரத் தட்டை நீட்டினான். அம்மா எடுக்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை, "ஸ்டோர் பொம்பளைங்க எல்லாம் இனி மலைக்கு" என்றார்.

"ஐயா, எனக்கு காலு..."

"அந்த மெஷினுக்கு காலே இல்ல. அது வேல செய்யலியா?"

அம்மா கூடையை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஏறினாள்.

அதற்கடுத்த ஆயுத பூசையன்று மெஷினைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டியிருந்தார்கள். தூசி போகுமென்று யாரையும் உள்ளே விடவில்லை. இப்போது பெண்கள் உட்கார்ந்த அந்தக் கூடத்தில் பெட்டி அடுக்குகிறார்கள். சாக்கும் இல்லை, என்னை வைத்துச் சிரித்த அந்தச் சிரிப்பும் இல்லை. சுதன் அதன்பிறகு வரவேயில்லை.

நேற்று அம்மா அந்தத் தூள் முழுவதையும் தள்ளிப் பார்த்தாள். ஒரு குச்சிகூட இல்லை.

"நல்லாத்தான் படிச்சிருக்கு" என்றாள், முழங்காலைத் தடவிக்கொண்டே.